இங்கிலாந்தில் வீட்டு வேலியை எந்தப் பொருளில் அமைக்கலாம்?

மூலைவீடு:
வணக்கம். ஹாரோவில் எங்கள் வீடு மூலைக்காணியில் இருக்கிறது. தெருப்பக்கத்து மரவேலி உளுத்துப்போனதால் அதை எடுத்துவிட்டு, கொங்கிரீட் தூண் நட்டு, ஆறடி உயரத்துக்குச் சாம்பல் நிற உலோகத் தகடு பொருத்த எண்ணுகிறோம். தகட்டைக் கவுன்சில் ஏற்காது, மரம்தான் போட வேண்டும் என்கிறார் அயலவர். அப்படி ஒரு விதி உண்டா?

வரைபடக்காரன்:
பொதுவிதி பொருளைப் பார்ப்பதில்லை. உயரத்தையும் இடத்தையுமே பார்க்கிறது. இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டுப் பொது அனுமதி ஆணைப்படி, வாகனம் ஓடும் தெருவை ஒட்டிய வேலி 1 மீட்டரையும் மற்ற இடங்களில் 2 மீட்டரையும் தாண்டாதவரை, வழக்கமான வீடுகளுக்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. ஆகவே உங்களுக்குச் சிக்கல் தகட்டால் அல்ல, ஆறடியால்தான். பழைய வேலியும் ஆறடி என்றால், அதே உயரத்துக்குள் அதைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் ஆணை இடம் தருகிறது. அடியோடு பிடுங்கிவிட்டு எழுப்புவதைக் கவுன்சில் புதுவேலியாகக் கருதக்கூடும் என்பதால், வேலையாட்கள் கைவைப்பதற்கு முன் அளவுநாடாவைத் தரையிலிருந்து உச்சிவரை பிடித்துப் படம் எடுத்துவையுங்கள். மேலே பொருத்தும் பின்னல்சட்டமும் உயரக் கணக்கில் சேரும்.

நீலக்கதவு:
இதில் அயலவரின் பேச்சையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. 1 மீட்டரைத் தாண்டுவதற்காக நீங்கள் விண்ணப்பித்தால், வேலி தெருவின் தோற்றத்துக்குப் பொருந்துகிறதா என்று அதிகாரி பார்ப்பார். தகடா மரமா என்ற கேள்வி அங்கேதான் எழும். புதுக்குடியிருப்பு என்றால், வேலி உரிமையையே நீக்கும் நிபந்தனை முதல் அனுமதியில் இருக்கக்கூடும். பாதுகாப்புக்காகப் பட்டியலிட்ட பழங்கட்டடமா, நான்காம் பிரிவு ஆணைக்கு (குறித்த பகுதியில் பொது அனுமதியை நீக்கும் ஆணைக்கு) உட்பட்ட பகுதியா என்பதையும் கவுன்சிலிடம் கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடு வேறு விடயம். கவுன்சில் அனுமதித்தாலும் அது நீங்காது.

மூலைவீடு:
இருவருக்கும் நன்றி. 1 மீட்டர் வேலி போட்டு மேலே முட்கம்பி கட்டினால் போதுமா? களவுப் பயம்தான் காரணம்.

வரைபடக்காரன்:
வேண்டாம். நடைபாதையில் போவோருக்கு இடைஞ்சல் என்று கண்டால், 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்கீழ் அதை அகற்றச் சொல்லலாம். அதைவிட வேலிக்கு உள்ளே முட்செடி நடுங்கள். செடி நடுவதற்குத் திட்ட அனுமதி கேட்பதில்லை. ஆனால் பசுமை மாறாச் செடிவரிசை 2 மீட்டரைத் தாண்டி அயலவரின் வெளிச்சத்தை மறைத்தால், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் கவுன்சிலில் முறையிட முடியும். தகட்டுக்கே மறுப்புச் சொன்னவர் அதற்கும் தயங்கமாட்டார்.