கயாக் படங்களுக்குத் தமிழ் வசனவரி: எடி = ஒதுக்கு, ரோல் = புரண்டெழல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கயாக் (இரு முனையிலும் மட்டையுள்ள துடுப்பால் ஓட்டும், மேலே மூடிய ஒடுங்கிய படகு) படத் திரையிடலுக்காகத் தமிழ் வசனவரி எழுதுகிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பாதிச் சொற்கள் தீர்ந்துவிட்டன, எடி, ரோல், வெட் எக்சிட் மூன்றும் இன்னும் இழுக்கின்றன. அதற்கு முன்னால் ஒரு மறுப்பு.

> கயாக் தோலால் செய்தது, தோல்படகு என்றே வைக்கலாமே

ஐயா, ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துத்தான் அதைச் செய்தார்கள், உண்மைதான். ஆனால் நம் ஒகேனக்கல் பரிசலும் மூங்கில் பின்னலுக்கு மேல் தோல் போர்த்திச் செய்ததுதானே? தோல்படகு என்று படித்ததும் எனக்கு வட்டமான பரிசல்தான் கண்ணில் வந்தது. இன்றைக்கு ஆற்றில் ஓடும் கயாக்குகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வார்த்தவை, தோலே கிடையாது. கட்டுமரம் என்ற நம் சொல்லை உலகம் எடுத்துக்கொண்டது போல, அந்த மக்கள் வைத்த பெயரை நாம் எடுத்துக்கொள்வோம். கயாக்கில், கயாக்கை, கயாக்குக்கு என்று வேற்றுமையும் தடங்கல் இல்லாமல் ஏறுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் கயாக் என்று போட்டுவிடக் கூடாது. 1972-ல் வந்த ‘டெலிவரன்ஸ்’ சட்டூகா ஆற்றில் எடுத்த படம், அதில் வருபவை கனூ. மேலே திறந்திருக்கும், துடுப்புக்கு ஒரு பக்கம்தான் மட்டை. அதற்கு வள்ளம் போதும். ‘தி ரிவர் வைல்ட்’ (1994) படத்தில் மெரில் ஸ்ட்ரீப் ஓட்டுவது காற்றடைத்த ராஃப்ட், அதற்கு மிதவை. அவர் படகில் பொருத்திய துடுப்பை வலிக்கிறார், கயாக்கில் இருப்பவர் கையில் பிடித்த துடுப்பைப் போடுகிறார். இந்த வேறுபாடு நம் பேச்சிலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் ‘படகு செலுத்தினார்’ என்று எழுத மனசு வரவில்லை.

நுரைத்துப் பாயும் ஆற்றுநீரை ஆங்கிலத்தில் ஒயிட் வாட்டர் என்கிறார்கள், அதற்கு வெண்ணீர் என்று தோழி ஒருவர் எழுதியிருந்தார். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் காதில் வெந்நீர் என்றுதான் விழும். இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது நான் வரி எழுதிக்கொண்டிருப்பது 1976-ல் மைக் ஜோன்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு ஒன்று எவரெஸ்ட் பக்கத்து தூத் கோசி ஆற்றில் கயாக்கில் இறங்கியதைப் பற்றி லியோ டிக்கின்சன் எடுத்த படத்துக்கு. தூத் கோசி என்றால் பால் ஆறு, நம் பாலாறு மாதிரியே. அங்கே தண்ணீர் வெளுத்திருப்பது பனியாறு அரைத்த பாறைத்தூளால், அது அமைதியாக ஓடும் இடத்திலும் வெளுப்பாகத்தான் இருக்கும். நாம் சொல்ல வருவது பாறையில் மோதி நுரைத்துப் பாய்வதை. ஆகவே நுரைப்புனல். (ஜோன்ஸ் 1978-ல் பாகிஸ்தானின் பிரால்டு ஆற்றில் கூட வந்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர். இந்தப் படத்துக்கு வரி எழுதும்போது அது நினைவில் நிற்கிறது.)

சரி, எடி. பெரிய பாறை ஒன்று நடு ஆற்றில் இருந்தால் வெள்ளம் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும், பாறைக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் தண்ணீர் மெதுவாகத் திரும்பி மேல்நோக்கி வரும். கயாக்காரர்கள் அங்கே நுழைந்து மூச்சு வாங்குவார்கள், அடுத்த இறக்கத்தைப் பார்த்துக்கொள்வார்கள். சுழல், சுழி என்று சொன்னால் ஆளை உள்ளே இழுப்பது என்றுதான் நமக்குப் படும், இது நேர்மாறாக ஆளைக் காப்பாற்றும் இடம். ‘எதிர்நீரோட்டப் பகுதி’ பாடநூலுக்குச் சரி. படத்திலோ முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்து ஒரு கத்து கத்துகிறார், அந்த ஒரு நொடியில் படித்து முடிக்க வேண்டும். மழைக்கு ஒதுங்குகிறோம் இல்லையா? அதே சொல்தான். இடம் ஒதுக்கு, செயல் ஒதுங்குதல். ‘இடப்பக்கம் ஒதுங்கு!’ என்று வரியில் போட்டுப் பார்த்தேன், என் அம்மா ஒன்றுமே கேட்காமல் புரிந்துகொண்டார்.

அப்புறம் ரோல், அதாவது கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது. கவிழ்மீட்சி என்று வந்த யோசனையை இரண்டு நாள் மனதில் வைத்திருந்தேன். மீட்சி என்றால் யாரோ வந்து மீட்பது போல இருக்கிறது, இங்கே கவிழ்ந்தவரே நிமிர்கிறார். உருளல் சக்கரத்துக்கும் கல்லுக்கும். தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுதான் இதற்குப் பக்கத்தில் வருகிறது. போன வருடம் குளத்தில் இதைப் பழகினேன். தலைகீழாகத் தொங்குகிறோம், மூக்கில் தண்ணீர், இடுப்பைச் சுற்றி ரப்பர்த் துணி கயாக்கோடு பிடித்து வைத்திருக்கிறது. துடுப்பு மட்டையை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து வீசி இழுத்து, இடுப்பை வெட்டித் திருப்ப வேண்டும். முதலில் கயாக் புரளும், பிறகு உடம்பு, கடைசியில்தான் தலை. மூச்சுக்குத் தவித்து தலையை முதலில் தூக்கினால் மறுபடி உள்ளே போய்விடுவோம். புரள்வது முன்னால், எழுவது பின்னால், புரண்டெழல் என்ற சொல்லிலும் அதே வரிசை. வினையாகவும் நன்றாக ஓடுகிறது: புரண்டெழுந்தான், புரண்டெழ முடியவில்லை. கிரீன்லாந்துக்காரர்கள் துடுப்பே இல்லாமல் வெறுங்கையால் செய்வதைக் கைப்புரண்டெழல் என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘எஸ்கிமோ ரோல்’ என்பார்கள், அந்த எஸ்கிமோ என்ற அடைமொழி வேண்டவே வேண்டாம், அந்தப் பெயரை இனுயிட் மக்கள் பலர் விரும்புவதில்லை.

மிச்சம் இருப்பது வெட் எக்சிட். புரண்டெழ முடியாதபோது ரப்பர்த் துணியின் முன்வளையத்தை இழுத்துக் கழற்றி, கயாக்கை விட்டு வெளியே வருவது. ‘கழன்று வா’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன், பெயர்ச்சொல்தான் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிகளைக் கொடுத்தாக வேண்டும், அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ஒதுக்குக்கு மறுப்பு இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள், அந்தச் சொல் படத்தில் நாற்பது இடத்தில் வருகிறது.