எக்ஸெல்லில் இருந்து வெளி சர்வர் மைஎஸ்க்யூஎல்: போர்ட்டைத் திறப்பதா, டனல் போடுவதா?

ராயபுரம்_ஷிப்பிங்:
கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ், ஆறு மெஷின். கன்டெய்னர் பட்டியல் வாடகை லினக்ஸ் சர்வர்ல, மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ்ல இருக்கு. அதை எக்ஸெல்ல இழுக்க 8.0 ஓடிபிசி டிரைவர் (எக்ஸெல்லை டேட்டாபேஸோட இணைக்கிற மென்பொருள்) போட்டோம். டிஎஸ்என் (இணைப்பு விவரங்களை ஒரு பேர்ல சேமிச்சு வைக்கிறது) டெஸ்ட் பாஸ் ஆகுது, எக்ஸெல்ல மட்டும் ஐஎம்014 பிழை. நேத்து கரன்ட் போய் வந்ததுல இருந்து டெஸ்ட்டே பிழை 2003, அடைப்புக்குறியில 10060. சர்வர் தரப்புல மைஎஸ்க்யூஎல் போர்ட் 3306-ஐ எல்லா ஐபிக்கும் திறந்துடச் சொல்றாங்க. செய்யலாமா?

கொருக்குப்பேட்டை_டிபிஏ:
செய்யாதீங்க. இது ரெண்டு தனித்தனி கோளாறு.

ஐஎம்014-க்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்லை. உங்க எக்ஸெல் 32-பிட், டிரைவர் 64-பிட். டெஸ்ட் பட்டன் இருக்கிற ஓடிபிசி நிர்வாகியும் 64-பிட், அதனால அங்க பாஸ் ஆகுது. எக்ஸெல்ல ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்ஸெல் போனா மேல் வரியிலயே எத்தனை பிட்னு இருக்கும். பழைய டிஎஸ்என்னை நீக்கிட்டு 32-பிட் டிரைவர் போடுங்க. அப்புறம் சிஸ்வாவ்64 ஃபோல்டர்ல இருக்கிற ஓடிபிசிஏடி32-ஐத் திறந்து புது டிஎஸ்என் உருவாக்குங்க. பேர்ல 64 இருக்கிற ஃபோல்டர்லதான் 32-பிட் கருவி இருக்கு, சிஸ்டம்32-ல இருக்கிறது 64-பிட். நிறைய பேர் தடுக்கி விழற இடம் இது. உங்களது யூசர் டிஎஸ்என்; மெஷின்ல எல்லாருக்குமான சிஸ்டம் டிஎஸ்என்னா இதே கோளாறுக்கு ஐஎம்002 வரும்.

10060-ன்னா பதிலே வரலை, ஃபயர்வால் சத்தமில்லாம தள்ளுது. சர்வர்ல உங்க பழைய ஐபிதான் அனுமதியில இருக்கும். ரவுட்டர் அணைஞ்சு வந்ததும் புது ஐபி கிடைச்சிருக்கு. எஸ்எஸ்எச் டனல் (சர்வர் வரைக்கும் குறியாக்கம் பண்ணின தனி வழி) போட்டா ஐபி மாறினாலும் கவலை இல்லை.

எண்ணூர்_நெட்வொர்க்:
நோய் சரி, மருந்து சரியில்லை. ஆறு மெஷின் ஆபீஸ்ல டனலை யார் பார்த்துப்பாங்க? அறுந்தா எக்ஸெல்ல பிழை எண் 2013 வரும், கிளர்க்குக்கு ஒண்ணும் புரியாது. அதோட எஸ்எஸ்எச் லாகின் கொடுத்தா சர்வர் சாவியையே கொடுத்த மாதிரி. பிராட்பேண்ட்ல நிலையான ஐபி வாங்கி அதுக்கு மட்டும் 3306-ஐத் திறங்க. சர்வர்ல பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1-ல இருந்தா (சர்வருக்கு உள்ளேயிருந்து மட்டும்தான் இணைய முடியும்) மாத்துங்க, இல்லைன்னா 10061, அதாவது இணைப்பு மறுப்பு வரும். மைஎஸ்க்யூஎல் யூசருக்கு ஹோஸ்ட்ல சதவீதக் குறி (எங்கிருந்து வேணா வரலாம்) வேண்டாம், அந்த ஐபியே போடுங்க. ஹோஸ்ட் பொருந்தலைன்னா 1130-ஓ 1045-ஓ (ரெண்டும் அனுமதி மறுப்பு) வரும். யூசர்ல ரெக்வயர் எஸ்எஸ்எல் (குறியாக்கம் இல்லாம இணைய விடாது) கட்டாயம்.

கொருக்குப்பேட்டை_டிபிஏ:
சாவி கொடுக்க வேண்டியதில்லை. சர்வர்ல ஆதரைஸ்டு கீஸ் ஃபைல்ல (அனுமதிச்ச எஸ்எஸ்எச் கீக்களோட பட்டியல்) உங்க கீ முன்னாடி ரெஸ்ட்ரிக்ட், போர்ட்-ஃபார்வர்டிங், பெர்மிட்ஓப்பன் 127.0.0.1:3306, கமாண்ட் /bin/false நாலையும் எழுதுங்க. ஷெல் (கட்டளை ஓட்டுற வசதி) கிடைக்காது, அந்த ஒரு போர்ட் தவிர வேற எங்கயும் போக முடியாது. மெஷினுக்கு ஒரு கீ, ஆள் வேலையை விட்டுப் போனா அந்த வரியை அழிச்சா போதும்.

டனல் அறுந்து போறதுக்கு எஸ்எஸ்எச் அமைப்புல: சர்வர்அலைவ்இன்டர்வல் 30 (இணைப்பு உயிரோட இருக்கான்னு 30 செகண்டுக்கு ஒரு தடவை பார்க்கும்), எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெய்லியர் யெஸ் (போர்ட் கிடைக்கலைன்னா நின்னுடும்). விண்டோஸ்ல லாகின் ஆனதும் டனல் டாஸ்க் ஷெட்யூலர்ல ஓடணும், நின்னா 1 நிமிஷத்துல திரும்ப ஓடணும். உள்ளூர் போர்ட் 3306 வேண்டாம், 3307 வைங்க. அந்த மெஷின்ல எக்ஸ்ஏஎம்பிபி (சொந்த மெஷின்லயே சர்வர் ஓட்டுற தொகுப்பு) இருந்தா 3306-ல அதோட சொந்த மரியாடிபி (மைஎஸ்க்யூஎல்லோட கிளை) உட்கார்ந்திருக்கும். அது 1045 சொல்லும், நீங்க பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் பார்த்துட்டு இருப்பீங்க. டிஎஸ்என்ல சர்வர் 127.0.0.1, போர்ட் 3307.

எண்ணூர்_நெட்வொர்க்:
பெர்மிட்ஓப்பன் நல்ல பூட்டு, ஒத்துக்கறேன். ஆனா ஆறு மெஷின்லயும் டாஸ்க் போட்டுப் பராமரிக்கறதை விட நிலையான ஐபிக்கு மாசம் கொஞ்சம் பணம் கட்டுறது மேல். நிலையான ஐபி இல்லாம வெறும் ஐபி அனுமதி வைக்காதீங்க, அதுல எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. சிஜிநாட்ல ஒரே வெளி ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துக்கறாங்க, உங்களுக்குத் திறந்தது அவங்களுக்கும் திறந்த மாதிரிதான்.

தண்டையார்பேட்டை_அக்சஸ்:
எந்த வழியில போனாலும் பாஸ்வேர்டை எக்ஸெல்ல சேவ் பண்ணினா அது ஃபைலுக்குள்ள மறைக்காம கிடக்கும். அந்த ஃபைல் வாட்ஸ்அப்ல போகும். அதனால தனி யூசர் உருவாக்கி, தேவையான ஒரு வியூவுக்கு (டேபிளோட தேவையான பகுதி மட்டும் தெரியறது) மட்டும் செலக்ட், அதாவது படிக்கிற உரிமை கொடுங்க.

ராயபுரம்_ஷிப்பிங்:
32-பிட் டிரைவர் போட்டதும் ஐஎம்014 போச்சு. டனலை ஒரு மெஷின்ல போட்டு டேட்டாவும் வந்துடுச்சு. ஆனா பார்ட்டி பேர் தமிழ்ல இருக்கிறதெல்லாம் கேள்விக்குறியா வருது.

கொருக்குப்பேட்டை_டிபிஏ:
டிஎஸ்என் போடும்போது தமிழ் எழுத்து தெரியாத ஆன்சி டிரைவரை எடுத்திருப்பீங்க. பட்டியல்ல பக்கத்துலயே யூனிகோட் டிரைவர் இருக்கு, அதை எடுத்துப் புதுசா போடுங்க. அப்பவும் கேள்விக்குறின்னா டேபிள்ல அந்த நெடுவரிசை லத்தீன்1-ஆன்னு (தமிழ் எழுத்தை வைக்க முடியாத குறியீட்டு முறை) பாருங்க. சேமிக்கும்போதே கேள்விக்குறியா போயிருந்தா எந்த டிரைவரும் மீட்காது, அந்தப் பேர்களைத் திரும்ப ஏத்தணும். ஏத்துறதுக்கு முன்னாடி நெடுவரிசையை யூடிஎஃப்8எம்பி4-க்கு (யூனிகோட் முறை) மாத்திடுங்க.