ஆலைக்குப் புது இயந்திரம், எங்களைக் கேட்க ஆளில்லை

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை. புதுக் கருவிகள் வருகின்றன, ஓட்டப்போகிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இயந்திரத்தோடு தொழிலாளியையும் கணக்கில் எடுக்கும் ‘தொழில்துறை 5.0’ என்ற கருத்து மனிதனுக்கு முதலிடம் தருகிறது என்கிறார்களே, நமக்கும் பொருந்துமா?

பதில் 1:
பொருந்தும் தம்பி. தொழில்துறை 5.0-க்கு 2021-இல் ஐரோப்பிய ஆணையம் சொன்ன தூண்கள் மூன்று: மனித மையம், நீடித்த வளம், நெருக்கடியைத் தாங்கும் திறன். மனித மையத்துக்கு உதாரணமாக, குலை வெட்ட மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய சந்தாஸ் மோட்டார் கருவியைப் பாருங்கள், அரிவாளை இழுத்து இழுத்தே தோள் போன என் அப்பாவுக்கு அப்போதே கிடைத்திருக்கக் கூடாதா என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

பதில் 2:
அண்ணே, அதிலும் அதிர்வும் எடையும் உண்டு, வெட்டுகிறவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்புறம் நீடித்த வளத்துக்கு, ஆலையின் கழிவுநீர்க் குளம். மூடி போட்டு, அதிலிருந்து எழும் மீத்தேன் வாயுவைப் பிடித்தால் மின்சாரம் எடுக்கலாம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நாற்றமும் குறையும்.

கேட்டவர்:
சரி, அடுத்த தொழிற்சங்கக் கூட்டத்தில் இரண்டையும் கேட்கிறேன்.