குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஸ்கைடைவ்: எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதல்குதி:
குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட எட்டுப் பேர் டேண்டம் ஸ்கைடைவ் (பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பது) செய்யலாம் என்றிருக்கிறோம். யாருக்கும் முன் அனுபவம் கிடையாது. ஒருவர் எடை 104 கிலோ, இன்னொருவருக்குத் தோள்மூட்டு அவ்வப்போது நழுவும். குதிக்கும் கட்டணத்தை வசூலிலேயே கழித்துக்கொள்ளலாம் என்கிறார் ஏற்பாட்டாளர். அது சரியா? அன்றைக்கு என்ன தடங்கல் வரும்?

கணக்கன்:
கழிக்காதீர்கள். கட்டணத்தை அவரவர் கைக்காசில் கட்டிவிட்டு, "நீங்கள் தருவது முழுதும் மருத்துவமனைக்கே" என்று வேண்டுகோளின் முதல் வரியிலேயே எழுதுங்கள். கழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் எவ்வளவு என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். நோயாளிக் குழந்தைக்கென்று கொடுத்த பணத்தில் பாதி விமானத்துக்குப் போனது பின்னால் தெரிந்தால், கொடுத்தவர் அடுத்த முறை உங்களுக்கும் தர மாட்டார், மருத்துவமனைக்கும் தர மாட்டார்.

பணம் நேராக மருத்துவமனையின் நன்கொடைக் கணக்குக்குப் போகட்டும். அவர்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முக்கியமாக, "வானிலையாலோ உடல்நிலையாலோ குதிக்க முடியாமல் போனாலும் நன்கொடை நன்கொடைதான்" என்று முன்கூட்டியே போட்டுவிடுங்கள். இந்த வரி இல்லாததால் வரும் சண்டைதான் அதிகம்.

மேகத்துக்குமேல்:
104 கிலோ: பல மையங்களில் உச்சவரம்பு 95 முதல் 105 கிலோவுக்குள் இருக்கும். பயிற்றுநர், பயணி, பாராசூட் கருவி மூன்றும் சேர்ந்து சுமார் 225 கிலோ என்பது பல டேண்டம் கருவிகளின் எல்லை. அதனால் எடை குறைந்த பயிற்றுநர் அன்று இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஆடை, ஷூவோடுதான் நிறுத்துப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

தோள்: மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அவரை அனுப்பவே வேண்டாம். கீழே விழும்போது கைகள் காற்றில் விரிந்திருக்கும், வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். அதுவும் டிரோக் என்ற சிறு பாராசூட் பின்னால் இழுத்துப் பிடிப்பதால்தான். அது இல்லாவிட்டால் இருவர் எடைக்கு வேகம் 270-ஐத் தாண்டும்.

13,000 அடியில் குதித்தால் 50 வினாடி போல விழுவீர்கள். 5,000 அடியை ஒட்டிப் பெரிய பாராசூட் விரியும், பிறகு ஐந்தாறு நிமிடம் மிதப்பு. தவறினால் மாற்றுப் பாராசூட் உண்டு. யாரும் இழுக்காவிட்டாலும் 2,000 அடி வாக்கில் அதைத் தானாகத் திறக்கும் கருவியும் இருக்கிறது.

அடிபடுவது பெரும்பாலும் தரையில், கணுக்காலில். இறங்கும்போது முழங்காலை உயர்த்திக் கால்களை முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து இதை இப்போதே பழகுங்கள். முடியாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் காது வலி உயிரை எடுக்கும், தள்ளிப்போடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம். கொக்கி வைத்த பூட்ஸ் ஆகாது.

எதிர்க்குரல்:
ஸ்காட்லாந்தில் இரண்டு பாராசூட் மையங்களின் ஐந்தாண்டு காயங்களை ஆராய்ந்து 1999-இல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. காயப்பட்ட 174 பேரில் 94 சதவீதம் நிதி திரட்ட முதன்முறை குதித்தவர்கள். தர்மத்துக்குக் கிடைத்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மருத்துவச் சேவைக்கு 13.75 பவுண்டு செலவானதாம். மருத்துவமனைக்கு உதவப் போய் மருத்துவமனைக்கே செலவு வைக்காதீர்கள்.

மேகத்துக்குமேல்:
அந்தக் கணக்கு மறுக்க முடியாதது. அதனால்தான் டேண்டமோடு நிறுத்துங்கள் என்கிறேன். தனியாகக் குதித்தால் தரையிறக்கம் முதல்முறைக்காரர் கையில் இருக்கும்.

முதல்குதி:
நன்றி. எட்டுப் பேரும் ஒரே நாளில் முடிக்கலாமா?

மேகத்துக்குமேல்:
விமானத்தைக் கேளுங்கள். செஸ்னா 182 என்ற சிறு விமானம் என்றால் தடவைக்கு இரண்டு ஜோடிதான், ஆக நான்கு தடவை ஏற வேண்டும். மதியம் காற்று வலுத்தாலோ மேகம் இறங்கினாலோ பாதிப் பேர் கீழேயே நிற்பார்கள். முதல் நேரத்தைப் பிடியுங்கள், மாற்றுத் தேதி ஒன்றையும் இப்போதே பதிவு செய்யுங்கள். வீடியோ வேண்டுமானால் பயிற்றுநர் கையில் கட்டும் கேமரா போதும், படம்பிடிக்கக் கூடவே குதிக்கும் தனி ஆளுக்கு இந்த விமானத்தில் இடமிருக்காது.