ஆர்டுவினோ நானோ கணினியோடு தொடர்பு கொள்ளவில்லை, உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனை நாற்றுப் பைகளில் மண் ஈரத்தை அளக்க ஆர்டுவினோ நானோ என்ற சிறிய நிரலாக்க போர்டின் நகல் ஒன்றை வைத்திருக்கிறேன். நிரலை ஓட்டுவது ஏடிமெகா328பி சிப், யுஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசுவது சிஎச்340 சிப். போன வாரம் வரை 9600 பாட் வேகத்தில் அளவுகள் ஒழுங்காக வந்தன. இடிமழை பெய்த மறுநாளிலிருந்து, போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் ஒன்றுமே இல்லை. நிரலை ஏற்றப் போனால் 'நாட் இன் சிங்க்' என்ற பிழைதான்.

விண்டோஸ் 11-இல் காம் போர்ட் தெரிகிறது. டிரைவரை மறுபடி போட்டேன், கேபிளை மாற்றினேன், பழைய பூட்லோடருக்கான (யுஎஸ்பி வழியாக வரும் நிரலை சிப்பில் ஏற்றிக்கொள்ளும் சிறு நிரல்) 57600, புதியதற்கான 115200 இரண்டையும் பார்த்துவிட்டேன். 0, 1 பின்களில் எதுவும் செருகவில்லை. அப்புறம் ரீசெட்டை கிரவுண்டில் கொடுத்து, டிஎக்ஸ் (அனுப்பும் பின்), ஆர்எக்ஸ் (பெறும் பின்) இரண்டையும் ஒரு வயரால் சேர்த்தேன். தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வந்தது. ஆக, கேபிளும் சிஎச்340-உம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ரீசெட் பட்டனை அழுத்தினால் முன்பெல்லாம் மினுக்கும், போர்டிலுள்ள 'எல்' என்ற சிறு விளக்கு இப்போது எரிவதே இல்லை. பவர் விளக்கு மட்டும் எரிகிறது.

நாற்றுகள் இளசு, ஈரம் தெரியாமல் தண்ணீர் விட மனம் வரவில்லை. கையில் இன்னொரு ஆர்டுவினோவான ஊனோ போர்டு இருக்கிறது. அதைப் புரோகிராமராக வைத்து, போனது பூட்லோடர் மட்டுமா, இல்லை ஏடிமெகா சிப்பே போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?