சான்றிதழில் இரண்டு பெயர்

குழு: எங்கள் வளவு (செட்டிநாட்டில் உறவுக் குடும்பங்களுக்குப் பொதுவான பூர்வீக வீடு; எங்கள் பேச்சில் ஆச்சி என்றால் அக்கா, உமையாள் அவருடைய மகள்; ஆத்தா என்றால் அம்மா, அப்பச்சி என்றால் அப்பா)

ஆச்சி (டல்லாஸ்), காலை 7.12
அனைவருக்கும் வணக்கம். உமையாளும் நானும் இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருந்தபடியே செய்துவந்த ஹிப்பி கற்றல் திட்டம் நேற்று நிறைவடைந்தது. முடித்த குடும்பங்களை எல்லாம் பள்ளி அரங்குக்கு அழைத்து விழா எடுத்தார்கள். சான்றிதழின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவள் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது.

ஆத்தா (காரைக்குடி), 7.20
பார்த்தேன் ஆத்தா, கண் நிறைந்துவிட்டது. அடுத்த மாதம் நீங்கள் வரும்போது நம் வளவிலும் ஒரு விசேஷம் வைத்துவிடலாம். கும்மாயமும் வெள்ளைப் பணியாரமும் என் பொறுப்பு.

சித்தப்பச்சி (கோயம்புத்தூர்), 7.31
உமையாளின் உயரத்தை அனுப்பினால் கறுப்பு அங்கியும் தொப்பியும் இங்கேயே தைத்து வாங்கி வருகிறேன்.

பெரியப்பச்சி (தேவகோட்டை), 7.58
வாழ்த்துகள். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன்: இன்னும் ஒன்றாம் வகுப்பு வாசலையே மிதிக்காத பிள்ளைக்குப் பட்டமளிப்பு எதற்கு? அதோடு, ஹிப்பி என்றால் நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் சடைமுடியும் பாசிமணியுமாகத் திரிந்தவர்களைத்தான் சொல்வோம்.

ஆச்சி (டல்லாஸ்), 8.15
அது Home Instruction for Parents of Preschool Youngsters என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த சுருக்கம், பெரியப்பச்சி; பள்ளிக்குப் போகும் முன் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் பெற்றோருக்குத் தரும் பயிற்சி. சடைமுடிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. 1969-இல் ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அவிமா லம்பார்டு என்ற கல்வியாளர் இதைத் தொடங்கினார். அங்கே புதிதாகக் குடியேறிய, பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்காத தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே முதல் ஆசிரியராக இருக்க முடியும் என்பதுதான் அவருடைய எண்ணம். 1984-இல் அது அமெரிக்காவுக்கு வந்தது. ஆகவே, கற்றுக்கொடுக்கும் இடத்திலும் கற்றுக்கொள்ளும் இடத்திலும் நான்தான் இருந்தேன்.

நான் (சென்னை), 8.19
அதை விளக்கமாகச் சொல்லுங்கள் ஆச்சி. நீங்கள் வாரந்தோறும் வீட்டுக்கு ஆள் வருகிறார் என்று சொன்னபோது, உமையாளுக்கு டியூஷன் வைத்திருக்கிறீர்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஆச்சி (டல்லாஸ்), 8.41
அதுதான் இல்லை. வருகிறவர் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதே கிடையாது. ஆண்டுக்கு முப்பது வாரம். ஒவ்வொரு வாரமும் ஒரு பயிற்சிக் கட்டு. அவ்வப்போது ஒரு கதைப் புத்தகமும் வரும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஒரு தாய். தம் மகனுக்காக இதே திட்டத்தைச் செய்து முடித்துவிட்டு, பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். அவர் அம்மாவாக நடிப்பார், நான் மூன்று வயதுப் பிள்ளையாக நடிக்க வேண்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்வோம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "முக்கோணம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டதற்கு வேண்டுமென்றே வட்டத்தைத் தொட்டுக் காட்டிய முதல் நாள் எனக்கு வந்த கூச்சத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் தவறாகத் தொட்ட பிள்ளையிடம் "இல்லை" என்று வெடுக்கெனச் சொன்னால் அதற்கு எப்படி இருக்கும் என்பதை, பிள்ளையாக உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பெரியப்பச்சி (தேவகோட்டை), 8.50
இந்தக் கடைசி வாக்கியத்தை எனக்கு ஆசிரியர் பயிற்சியில் யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

ஆத்தா (காரைக்குடி), 8.56
பாதிப் பாடத்தை நான்தான் நடத்தினேன் என்பதையும் சொல்லிவிடு. வடிவம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முகப்பின் ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றையும் என்னைப் படம் எடுத்து அனுப்ப வைத்தாயே.

ஆச்சி (டல்லாஸ்), 9.04
உண்மைதான். பயிற்சிக் கட்டு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் கிடைக்கிறது. நான் வீட்டில் தமிழிலேயே செய்தேன். அதனால்தான் அவளுக்குப் பச்சை, மஞ்சளோடு காவி நிறமும் தெரியும். விழாவில் பிள்ளைகளுக்குக் காகிதத் தொப்பி வைத்தார்கள், அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்துப் பெற்றோரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தபோது, இரவு வேலை முடிந்து அதே சீருடையில் வந்திருந்த ஒரு தகப்பனார், அறுபது கட்டுகளில் ஒன்றையும் விடாமல் முடித்தவர், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது.

சித்தப்பச்சி (கோயம்புத்தூர்), 9.10
அப்படியானால் அங்கியை உன் அளவுக்குத்தான் தைக்க வேண்டும்.

பெரியப்பச்சி (தேவகோட்டை), 9.27
அங்கி வேண்டாம், ஆனி மாத வெயிலில் அதைப் போட்டால் தாங்காது. என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒரு யோசனை சொல்கிறேன். சான்றிதழை நான் தமிழில் எழுதித் தருகிறேன். அதை வீட்டுப் பட்டாலையில் உமையாள் நடுவில் நிற்க அப்பத்தா வாசிக்கட்டும். பிறகு பெரியவர்கள் எல்லோரும் சம்மணமிட்டு உட்காருவோம். அவள் ஆசிரியராக இருந்து நம்மிடம் கேட்கட்டும். பரிசாக அவளுக்கு ஒரு ஓலைக் கொட்டான் நிறையப் புத்தகங்கள், அவள் ஆத்தாளுக்கு ஒரு கண்டாங்கிச் சேலை.

ஆத்தா (காரைக்குடி), 9.35
இன்னொரு சேலையும் சேர்த்து எடுங்கள். நம் வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணின் மகன் அங்கன்வாடிக்குப் போகிறான். அங்கே சொல்லிக்கொடுத்த பாட்டையும் எண்களையும் இவள் சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவனைத் திரும்பச் சொல்ல வைப்பதை நான் தினமும் கேட்கிறேன். டல்லாஸில் இருந்தால் அவளையும்தான் மேடைக்கு அழைத்திருப்பார்கள்.

பெரியப்பச்சி (தேவகோட்டை), 9.38
அங்கன்வாடித் திட்டம் 1975-இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ தாய்மார்கள் அப்படிச் செய்திருப்பார்கள். எனக்குத்தான் ஒருவரையும் அழைக்கத் தோன்றவில்லை. அவளையும் மகனையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவள் பெயரைச் சரியாகக் கேட்டு அனுப்பு. அவளுக்கும் ஒரு சான்றிதழ் எழுதுகிறேன்.

நான் (சென்னை), 9.46
நான் சனிக்கிழமையே வந்துவிடுகிறேன். உமையாள் பாடம் நடத்தப் பலகை ஏதாவது வேண்டுமா?

ஆச்சி (டல்லாஸ்), 9.51
பல்லாங்குழிப் பலகைதான் வேண்டுமாம். குழிக்கு ஐந்து, பதினான்கு குழிக்கு எத்தனை என்று பெரியப்பச்சியிடம்தான் முதலில் கேட்பாளாம்.

ஆத்தா (காரைக்குடி), 10.20
இரண்டாங்கட்டு அலமாரியில் பலகை கிடைத்துவிட்டது. சோழியை எண்ணிப் பார்த்தேன், அறுபத்தெட்டுதான் இருக்கிறது. வருகிறவர்கள் யாராவது இரண்டு சோழி கொண்டு வாருங்கள்.