ஆனி மழையில் கீரிப்பாறை நடை: அட்டையும் குதிகால் கொப்புளமும், என்ன உடுத்தலாம்?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறை ரப்பர் தோட்டம் வழியா காளிகேசம் பக்கம், நாலு மணி நேர நடை. ஜீன்ஸ், பருத்தி சாக்ஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டால் ஒரு மணி நேரத்திலேயே குதிகாலில் கொப்புளம். சாக்ஸுக்குள்ள ரத்தம் உறிஞ்சுற அட்டைப்பூச்சி. உப்பு தடவினாலும் மழையில் கரைஞ்சிடுது. வழி சொல்லுங்க அண்ணே.

பதில் 1: தம்பி, கோளாறு பருத்தியில்தான். நனைஞ்ச சாக்ஸ் தண்ணியை விடாது. தோல் ஊறி மெத்துனு ஆனதும் ஷூவோட பின்விளிம்பு உரசியே கிழிச்சிடும். மெல்லிய நைலான் சாக்ஸ் போட்டு, அதுக்கு மேல இன்னொண்ணு போடுங்க; உரசல் ரெண்டு சாக்ஸுக்கும் நடுவில் போயிடும். குதிகாலில் பிளாஸ்டர் கிளம்பும் முன்னாடியே ஒட்டணும், ஈரத்தோலில் ஒட்டாது. ஜீன்ஸ் வேண்டாம், சீக்கிரம் காயுற பாலியெஸ்டர் பேன்ட் போதும். வெளிர் நிறமா இருந்தால் அட்டை ஏறுறது கண்ணுக்குத் தெரியும். பழசாவும் இருக்கட்டும், ரப்பர் பால் சொட்டினால் கறை போகாது.

பசியோட இருக்கிற அட்டை நூல் மாதிரி மெலிஞ்சு பின்னல் சாக்ஸ் வழியாவே நுழையும். நெருக்கமா நெய்த துணியில் முழங்கால் வரை உறை தைச்சு, பேன்டை உள்ளே விட்டு மேலே நாடா கட்டுங்க. வெளிப்பக்கம் காய்ஞ்ச சோப்புக்கட்டியைத் தேய்க்கலாம். மழையில் அதுவும் கரையும்தான், மறுபடி தேய்க்கணும்.

கடிச்சிட்டால் பிடிச்சு இழுக்காதீங்க. மெலிஞ்ச முனைதான் வாய். தோலை ஒட்டி நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்க, அப்புறம் தடிச்ச முனையையும் அப்படியே தள்ளுங்க. உப்பு, தீ வைச்சால் வயித்தில் உள்ளதைப் புண்ணிலேயே கக்கலாம். ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளை விடுறதால கசிவு நீளும், பயப்படாதீங்க. சோப்பு போட்டுக் கழுவி, துணி வைச்சு அழுத்திப் பிடிச்சால் போதும்.

கேள்வி: ரப்பர் பால்வெட்டுறவங்க செருப்போட தானே போறாங்க? கம்பூட் (உயரமான ரப்பர் பூட்ஸ்) ஆகுமா?

பதில் 2: அவங்க மரத்துக்கு மரம் நிக்கிறாங்க, நின்ன இடத்தில் காலைப் பார்த்துத் தட்டிடலாம். கம்பூட்டில் மேல்வழியா தண்ணி இறங்கினால் வெளியேறாது, நாலு மணி நேரத்துக்கு ஆகாது. அடியில் ஆழமான வெட்டு உள்ள ஷூ எடுங்க; பாசிப்பாறையில் எதுவும் வழுக்கும், அங்கே ஒரு கம்பு உதவும்.

மழைக்கோட்டு உள்ளே வேர்த்தே நனைக்கும். தோட்டத்து மரங்களுக்குள் காத்து அவ்வளவா கிடையாது, குடையே நல்லது. காத்து பலமா அடிக்கிற ஆரல்வாய்மொழிப் பக்கம்னா குடையை மறந்திடுங்க. பைக்குள்ளே பெரிய பாலித்தீன் கவரை விரிச்சு, அதுக்குள்ளே மாத்து சாக்ஸ், தோர்த்து (துண்டு), டார்ச், ஒண்ணரை லிட்டர் தண்ணி, அவல் இல்லைன்னா கடலை மிட்டாய்.

பதில் 3: காட்டுக்குள்ள போகிறதுன்னா முதலில் வனத்துறையிடம் கேளுங்க, யானை நடமாடுற இடம், தனியா வேண்டாம். மேலே மழை பெய்தால் கீழே வெயிலிருந்தாலும் ஆத்தில் தண்ணி திடீர்னு ஏறும், கலங்கலா வந்தால் உடனே கரையேறுங்க. வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணிச்சு நிழலில் வைங்க, நனைஞ்ச பேப்பரை மாத்துங்க. அடுப்புப் பக்கம் வைச்சால் அடிப்பசை விட்டு சோல் கழண்டிடும்.